மீனை அறிந்து நீரில் விடுவோம்

வீட்டுக்கும் தறிக்கும் தொட்டியில் நீர் நிறைத்து வைப்போரும், வயலில் கிணறு உடையோரும் கொசுப் புழுவை ஒழிக்கச் சிறுமீன் விடுவது நற்செயலே. ஆயினும், விடுவது எம்மீன் என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஒத்த உருவுடைய இரு மீன்களுள் ஒன்று நம் நாட்டது; மற்றொன்று அயலது.

அயல்மீனின் பெயர் கம்பூசியா. அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட இம்மீன், 1928-ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மலேரியாவைத் தடுக்கும் பொருட்டுப் பல நீர்நிலைகளில் விடப்பட்டது. இது கொசுப் புழுவைத் தின்பது மெய்யே. ஆனால் பிற மீன்களின் முட்டை, குஞ்சுகளையும் தவளையின் தலைப்பிரட்டைகளையும் சேர்த்தே தின்னும்.

நாட்டுமீனை விலங்கியலார் அப்லோகைலஸ் என்பர். கொசுப் புழு இதற்கும் இரையே. பெயர்கள் ஊருக்கு ஊர் மாறக்கூடும், அடையாளம் மாறாது.

மீனைக் கண்ணாடிச் சீசாவில் விட்டு, முதலில் மேலிருந்தும் பின்பு பக்கத்திலிருந்தும் நோக்குக.

1. உச்சந்தலை: நாட்டுமீனுக்கு வெள்ளிப் பொட்டு ஒன்று பளிச்செனத் தெரியும். கம்பூசியாவுக்கு இப்பொட்டு இல்லை.

2. வயிற்றுக்குப் பின்னுள்ள அடித்துடுப்பு: நாட்டுமீனுக்கு நீண்டு படர்ந்திருக்கும். கம்பூசியாவுக்குக் குறுகியது; ஆண்மீனுக்கு அது குச்சிபோல் நீண்டிருக்கும். பல வண்ணமுடைய கப்பி மீனின் ஆணுக்கும் இக்குச்சி உண்டு, அதுவும் அயல்மீனே.

3. இனப்பெருக்கம்: நாட்டுமீன் நீர்ச்செடிகளில் முட்டையிடும். கம்பூசியா குட்டி போடும். சினைப்பட்ட பெண்மீனின் வயிற்றின் பின்புறம் கரும்புள்ளி தோன்றும்.

மேல்நோக்கிய வாயும், பின்தள்ளி அமைந்த முதுகுத் துடுப்பும் இரண்டுக்கும் பொது. அவற்றைக் கொண்டு முடிவு செய்யலாகாது.

கூட்டேரிப்பட்டு, மயிலம் பகுதி உழவர்களுக்கு இது சிறு செய்தியன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நீர் கீழுள்ள ஏரிக்கு ஓடும். மீனும் உடன் செல்லும். ஒருவர் ஓர் ஏரியில் கொட்டிய ஒரு குடம் கம்பூசியா பல ஏரிகளில் பரவக்கூடும். பரவிய பின் அதனை முற்றிலும் அகற்றுதல் மிக அரிது. ஏரி மீன் குறைந்தால் இழப்பு ஊருக்கே.

ஆகவே, யார் மீன் கொடுத்தாலும் சோதித்துப் பெறுக. வெள்ளிப் பொட்டுடைய நாட்டுமீனைத் தொட்டியிலும் கிணற்றிலும் விடுக. சாயமும் சோடாவும் கலந்த நீரில் எம்மீனையும் விடற்க. கம்பூசியாவை ஏரி, குளம், வாய்க்கால் எதிலும் விடலாகாது.

பயிற்சி: அருகிலுள்ள வாய்க்காலில் சிறுமீன் ஒன்றைப் பிடித்து, மேற்கூறிய அடையாளங்களை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுக, பார்த்தபின் பிடித்த இடத்திலேயே விடுக. அது கம்பூசியாவாயின் மட்டும் திரும்ப நீரில் விடற்க.