பல் கம்பி: இழுப்பது கம்பி, வழி விடுவது எலும்பு

பண்டமாரானில் நம்ம பிள்ளைகள் கூடுற இடத்தில் இப்போ அடிக்கடி வரும் பேச்சு, பல் கம்பி. தனியார் கிளினிக்கில் பல ஆயிரம் வெள்ளி ஆகுது. அரசாங்கத்தில் போட்டால் நீண்ட நாள் காத்திருக்கணும். நடுவில் இன்ஸ்டகிராமில் ஒருத்தர், சில நூறு வெள்ளிக்கு வீட்டுக்கே வந்து மாட்டித் தருகிறேன் என்கிறார். கம்பி கம்பிதானே, என்ன பெரிய வித்தியாசம்? நான் பொறியியல் மாணவன், பல் மருத்துவம் படிக்கிறவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி பாதி எங்க பாடம்தான்.

பல் எலும்பில் ஆணி மாதிரி அடிக்கப்பட்டதல்ல. வேருக்கும் எலும்புக்கும் இடையில் சுமார் 0.2 மில்லிமீட்டர் அளவில் மெல்லிய நார்த்திசு இருக்கு. பல்லைத் தள்ளினால், அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரையும். மறுபக்கம் புது எலும்பு வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகரும். சீக்கிரம் ஆகட்டும் என்று இறுக்கினால் அந்தத் திசுவில் இரத்த ஓட்டம் நின்று, பல் நகராமல் நிற்கும். வேரே கரைந்து குட்டையாகவும் கூடும்.

அதனால், பல் கம்பியின் வரலாறு என்பது விசையை எப்படிக் குறைப்பது, எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கற்றுக்கொண்ட வரலாறுதான். 1728-ல் பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார் எழுதிய நூலில், வளைந்த உலோகப் பட்டையோடு பல்லை நூலால் கட்டி இழுக்கும் முறை வருது. அதில் பல்லின் மேற்பகுதி சாயும், வேர் பின்தங்கிவிடும். 1920-களில் அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள் இதற்கு வழி கண்டார்: பல்லில் பொருத்தும் பிராக்கெட்டில் செவ்வகப் பள்ளம், அதில் செவ்வகக் கம்பி. உருண்டைக் கம்பி பள்ளத்தில் சும்மா சுழலும். செவ்வகக் கம்பியோ, ஆலன் சாவி திருகாணியைத் திருப்புவது போல வேரையும் திருப்பும். அவர் வைத்த 0.022 அங்குலப் பள்ளம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கு. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அப்போது கம்பி தங்கக் கலவை. பிறகு எவர்சில்வர் வந்தது. மலிவு, ஆனால் விறைப்பு அதிகம். கம்பியின் விட்டத்தைப் பாதியாக்கினால் விறைப்பு 16-ல் ஒரு பங்காகக் குறையும். மருத்துவர் முதலில் மெல்லிய கம்பி போட்டு, போகப்போகத் தடிமனாக மாற்றுவது இதனால்தான். 1970-களில், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த நிக்கல்-டைட்டானியக் கலவையை ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் பல்லுக்குக் கொண்டுவந்தார். நன்றாக வளைத்தாலும் அது மென்மையாகவே தள்ளும். 1997-ல் தொடங்கிய கண்ணாடி மாதிரி உறைகளிலும் ஒவ்வோர் உறையும் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பல்லை நகர்த்தும்.

இப்போது அந்த இன்ஸ்டகிராம் ஆளைப் பாருங்கள். அவருக்கு எந்தத் தடிமன், எவ்வளவு விசை என்று தெரியுமா? எக்ஸ்ரே இல்லாமல் வேர் எங்கே இருக்கு என்று எப்படித் தெரியும்? முன்பல் இடைவெளியை மூட ரப்பர் வளையம் மட்டும் மாட்டுகிறார்கள். வேர் கூம்பு வடிவம். வளையம் வழுக்கி ஈறுக்குள் போய் எலும்பைத் தின்னும். நல்ல பல்லே விழுந்துவிடும்.

2017-ல் மலாக்காவில், பதிவில்லாமல் பல் சிகிச்சை இடம் நடத்திய 20 வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. பொதுமக்கள் பணம் திரட்டிக் கட்டினார்கள். இரக்கம் நல்லதுதான். ஆனால் அப்படிப்பட்ட இடங்களில் பல் கெட்டவர்களுக்கு யார் திரட்டுவார்?

மாட்டப் போகிறவர் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். காசு இடித்தால் மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்தில் விசாரியுங்கள். ஏற்கெனவே போலிக் கம்பி மாட்டியிருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள், பசையோடு எனாமலும் வந்துவிடலாம். நேராக அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள்.