மருத்துவச் சீட்டில் உள்ள எழுத்தும் எண்ணும்: உதட்டுப் புண், முக மரப்பு பற்றி ஒரு பாடம்





மருத்துவமனையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் சில சமயம் ஓர் ஆங்கில எழுத்தும் எண்களும் இருக்கும். உதாரணமாக, கே13.0 அல்லது ஆர்20.2. இது என்னவென்று நம்மில் பலர் கேட்பதில்லை. ஆனால் நோய் என்னவென்று கண்டுபிடித்தாகிவிட்டதா, இன்னும் தேடவேண்டுமா என்பதை அந்த முதல் எழுத்தே ஓரளவு சொல்லிவிடும்.

இது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியல். இதன் பத்தாம் பதிப்பு 1990-ல் ஏற்கப்பட்டது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், பல மருத்துவமனைகளில் இன்னும் பத்தாம் பதிப்பே புழக்கத்தில் உள்ளது. எந்த ஊரில் எந்த மொழியில் சிகிச்சை பெற்றாலும், குறியீட்டைப் பார்த்தால் அடுத்த மருத்துவருக்குப் புரியும்.

உதட்டுக்கான குறியீடுகள்

உதட்டு வெடிப்பு, வாயோரப் புண், உதட்டு அழற்சி ஆகியவை பொதுவாக கே13.0-ல் வரும். உதடு உணவுப் பாதையின் வாசல் என்பதால் செரிமான உறுப்புகளின் நோய்களோடு சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எல்லா உதட்டுக் கோளாறும் இதில் அடங்காது. உதட்டில் கொப்புளமாக வரும் அக்கி வகைப் புண் பி00.1. பி2 வைட்டமின் குறைவால் வரும் வாயோரப் புண் இ53.0. பிறவியிலேயே வரும் உதட்டுப் பிளவு க்யூ36. உதட்டுப் புற்றுநோய் சி00.

பார்வைக்கு எல்லாம் ‘உதட்டுப் புண்’தான். சிகிச்சையோ வேறு வேறு. ஆகவே கே13.0 என்று எழுதி மருந்து தந்த பிறகும் இரண்டு, மூன்று வாரங்களில் புண் ஆறவில்லையென்றால், அதே மருந்தைக் கடையில் திரும்பத் திரும்ப வாங்கிப் போடாதீர்கள். மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள். பீடி, குட்கா, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களும் நாள் முழுதும் வெயிலில் நின்று வேலை செய்பவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

முக மரப்புக்கான குறியீடுகள்

தோலில் உணர்வே இல்லையென்றால் ஆர்20.0. உணர்வு குறைந்திருந்தால் ஆர்20.1. ஊசி குத்துவது போலவோ எறும்பு ஊர்வது போலவோ இருந்தால் ஆர்20.2. ‘ஆர்’ என்ற எழுத்து அறிகுறிகளுக்கானது. ‘இந்தத் தொல்லை இருக்கிறது, காரணம் இன்னும் உறுதியாகவில்லை’ என்பதே அதன் பொருள்.

கிரிவலப் பாதையோரம் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரருக்குக் கன்னம் மரத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் ஆர்20.0 என்று எழுதி, பத்து நாள் கழித்து வரச் சொல்கிறார்கள். ‘பெரிய நோய் ஒன்றுமில்லையாம்’ என்று அவர் திரும்பப் போகாமல் இருந்துவிடுகிறார். சில மாதங்களில் அதே இடத்தில் நிறம் மங்கிய தேமல் தெரிகிறது. சோதித்தால் தொழுநோய். குறியீடு ஏ30. இதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். முறையாகச் சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும். நம் பக்கத்தில் வேலூர் அருகே கரிகிரியில் 1955 முதலே இதற்கென்று மருத்துவமனை இயங்குகிறது. ஆனால் தாமதத்தால் நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டால், அதைச் சரிசெய்வது கடினம். அந்தச் சகோதரர் பத்தாம் நாளே திரும்பப் போயிருந்தால் அந்த மாதங்கள் வீணாகியிருக்காது.

முக மரப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. பல் பிடுங்கிய பின் கீழ் உதடு மரத்தே இருந்தால் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முகநரம்பு வாதம் ஜி51.0. இதில் வாய் ஒரு பக்கம் கோணும், கண்ணை மூட முடியாது. முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதம் ஐ63. திடீரென முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ‘இது முகவாதமா, பக்கவாதமா’ என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

காப்பீட்டுக்கும் இது தேவை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். பெயர், வயது, நோயின் பெயர் மூன்றும் எல்லாக் காகிதங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறு இருந்தால் எழுதிய மருத்துவரிடமே திருத்தம் கேளுங்கள். பணம் கிடைக்கும் என்று இல்லாத நோயை எழுதச் சொல்லாதீர்கள். அது அமானிதத்துக்கு மாறானது. அடுத்து வரும் மருத்துவர் அந்தப் பொய்யை நம்பித் தவறான மருந்து கொடுக்கவும் கூடும்.

மருத்துவரிடம் கேட்க மூன்று கேள்விகள்

1. காரணம் உறுதியாகிவிட்டதா, இது வெறும் அறிகுறிதானா?
2. எத்தனை நாளில் குணம் தெரியவேண்டும்?
3. தெரியவில்லையென்றால் எப்போது, யாரிடம் வரவேண்டும்?

பதிலைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகளை ஒரே பையில் தேதி வாரியாக வையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பள்ளி செல்லும் பிள்ளைகள் இன்றே அவர்களுடைய சீட்டை எடுத்துப் பார்க்கட்டும். ‘ஆர்’ என்று தொடங்கும் குறியீடு இருந்து, மறுபடி வரச் சொன்ன தேதியும் கடந்திருந்தால், இந்த வாரமே அவர்களை அழைத்துச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நோய் முற்றுமுன் பிடிபடும்.