கோணல் நிலத்தின் விஸ்தீரணம்

திருவண்ணாமலை மலையடியிலும் ஏரிக்கரைகளிலும் சதுரமான வயல் அரிது. அங்கே எதிரெதிர்ப் பக்கங்களைச் சராசரி செய்து பெருக்கினால் நிலம் கூடுதலாகவே தோன்றும். வாங்குபவர் இல்லாத மண்ணுக்குக் கிரயம் கொடுப்பார். அதன்பேரில் கடன் கொடுக்கும் சங்கமும் ஏமாறும்.

66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க்; 1000 சதுர லிங்க் ஒரு சென்ட். சுற்றுவரிசையில் 300, 400, 375, 175 லிங்க் பக்கங்களுள்ள வயல் சராசரிப்படி 97 சென்ட் ஆகிறது. 300-உம் 175-உம் கூடும் மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சங்கிலி பிடித்தால் 500 லிங்க். அக்கோட்டிலிருந்து மற்ற இரு மூலைகளுக்கும் நேர்க்குத்தாக அளக்க, 240, 105. (நேர்க்குத்துக்கு 3, 4, 5 முழத்தில் முடிச்சிட்ட கயிறே போதும்.) இவ்விரண்டையும் கூட்டி, 500 ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 86,250 சதுர லிங்க், அதாவது 86¼ சென்ட். ஏறக்குறைய 11 சென்ட் காகிதத்தில் மட்டுமே இருந்தது!

கரை வளைந்திருப்பின், வளைவுத் துண்டைத் தனியே பிரித்துச் சம தூரங்களில் குத்தளவுகள் எடுத்துக் கணக்கிடுக.