எப்பக்கம் நின்று நோக்கினும் ஒன்றே

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் சுதந்திர தினக் காலையில் கொடியேற்றும் இடத்தில் நின்றால், தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எனப் பல மொழிகள் செவியில் விழும். கொடி விரியும் கணத்தில் அனைவரும் ஒருசேர நிமிர்ந்து நிற்பர். அவ்வேளையில் ஒரு குழந்தை, "இதில் எந்த நிறம் நம்முடையது?" என்று கேட்டால் நாம் என்ன விடை பகர்வோம்? "காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு" என்று பங்கு பிரித்துச் சொல்லிவிடுவோர் நம்மிடையே பலர் உள்ளனர்.

இவ்விடைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1921-ல் காந்தியடிகள் கருதிய கொடியில் சிவப்பு இந்துக்களையும், பச்சை முஸ்லிம்களையும், வெண்மை ஏனையோரையும் குறித்தன. ஆயின் 1931-ல் காங்கிரஸ் மகாசபை காவி, வெண்மை, பச்சை நிறங்களை ஏற்றபோது, அவற்றுக்குச் சமயப் பொருள் இல்லை, அவை பண்புகளையே குறிக்கும் என்று தெளிவுபடுத்தியது.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இன்றைய தேசியக் கொடியை ஏற்றது. திருத்தணியில் பிறந்தவரும், மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் போதித்தவருமான டாக்டர் ராதாகிருஷ்ணன் அதன் பொருளை அச்சபையில் விளக்கினார். காவி, தன்னலம் துறந்த தொண்டு. வெண்மை, நம்மை வழிநடத்தும் உண்மையின் ஒளி. பச்சை, நம் உயிரைத் தாங்கும் மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. நடுவிலுள்ள சக்கரம், அறத்தின் ஆட்சி. அது சுழல்வது, தேக்கம் சாவு, இயக்கமே வாழ்வு என்பதை உணர்த்துகிறது. ஆகவே எந்த நிறமும் ஒரு கூட்டத்தாரின் சொத்தன்று. மூன்றும் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமைகள்.

முன்னைய கொடியில் இருந்த இராட்டைக்குப் பதிலாக 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் இடம்பெற்றதற்கு நேருஜி கூறிய காரணங்களுள் ஒன்று மிக எளியது. இராட்டை மறுபக்கத்தில் இடவலம் மாறித் தோன்றும். சக்கரமோ இருபுறமும் ஒன்றுபோலவே தோன்றும். நடைமுறைக்காகச் சொன்ன இக்காரணத்தில் ஒரு சாதகனுக்கு எத்துணைப் பெரிய பாடம்! முன்னின்று பார்ப்போர்க்கு ஒரு முகமும், பின்னின்று பார்ப்போர்க்கு வேறொரு முகமும் காட்டுவது அறமாகாது.

1950 ஜனவரி 26 முதல் நம் தேசியச் சின்னமாக விளங்கும் சாரநாத்துச் சிங்கத்தூணின் முடியும் இதையே உரைக்கிறது. அதில் நான்கு சிங்கங்கள் முதுகொட்டி நிற்கின்றன. சின்னத்தில் நம் கண்ணுக்குத் தெரிபவை மூன்றே. காணப்படாத நான்காவதும் அதே கம்பீரத்தோடுதான் நிற்கிறது. அடியில் பொறித்த 'சத்யமேவ ஜயதே' முண்டக உபநிடதத்திலிருந்து வந்தது. தமிழக அரசுச் சின்னத்தில் அது 'வாய்மையே வெல்லும்' என்று நம் மொழியிலேயே ஒளிர்கிறது.

கொடிக்கு வணக்கம் செலுத்த ஒரு நிமிடம் போதும். அதன் பொருளாக வாழ ஓர் ஆயுள் வேண்டும். எவரும் காணாத இடத்திலும் நாம் உண்மையாய் இருப்போமாயின், கொடி நம் வாழ்வில் ஏறியதாகும்.

சிந்தனைக்கு:

1. மூன்று நிறங்கள் குறிக்கும் கடமைகளுள் இன்று நான் தவறியது எது?
2. பிறர் அறியாத இடத்தில் என் நடத்தை மாறுகிறதா?
3. அடுத்த முறை ஒரு குழந்தை நிறங்களைப் பற்றிக் கேட்டால், நான் என்ன சொல்வேன்?