தொட்டியில் மணலைக் கொட்டும் முன்

தம்பி, தொட்டி வந்தாயிற்று, ஸ்டாண்டும் தயார், அடியில் போட மணல்தான் பாக்கி என்கிறாய். கடைக்குக் கிளம்பும் முன் ஒன்றை முடிவு செய்: அடியில் என்ன மீன் விடப் போகிறாய்? நிறம், விலை, பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகு. நடுத் தண்ணீரில் சுற்றும் டெட்ராவும் கப்பியும் தரை எப்படி இருந்தாலும் பெரிதாகப் பொருட்படுத்தாது. தரையிலேயே பிழைக்கும் மீனுக்கு அப்படியில்லை. இரை தேடுவதும் ஒளிந்துகொள்வதும் ஓய்வெடுப்பதும் அங்கேதான்.

நம் ஊர் அயிரையையே எடுத்துக்கொள். ஆழமில்லாத ஓடை மணலில் உடம்பைப் புதைத்துக்கொண்டு வாழ்கிற மீன் அது. ஆரலும் அப்படித்தான், மூக்கு மட்டும் வெளியே தெரியும். கொளத்தூர்க் கடைகளில் நீ ஆசையாகப் பார்க்கும் குலி லோச்சுக்கும் இதே குணம்தான். கோரிடோரஸ் இன்னும் ஒரு படி மேலே போய், வாய் நிறைய மணலை அள்ளி, அதிலிருக்கும் இரையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியே விடும். தடித்த கலர் கல்லைப் பரப்பிய தொட்டியில் இந்தக் காட்சியைப் பார்க்கவே முடியாது. அந்த மீன் தன் இயல்பான வேலையைச் செய்ய முடியாமல் வருடக்கணக்கில் கிடக்கும். எனக்கு அது மனதுக்கு ஒப்பாத விஷயம். கோல்ட் ஃபிஷ்ஷும் தரையைக் கிளறிக்கொண்டே இருக்கும். அதன் வாய் அளவுக்குச் சரியாக இருக்கிற கல் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்வதுண்டு. மணலில் அந்தப் பயம் இல்லை.

ஆக, மணல் என்று தீர்மானித்தால் குருணையின் அளவைப் பார். அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அதைவிட ரொம்ப மெல்லியதாக, மாவாக இருந்தால் இறுகிப் படியும், மீன் வாலை ஆட்டினாலே கலங்கும், ஃபில்டருக்குள்ளும் போகும். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் அது மணலே இல்லை, பொடிக்கல். அளவைப் போலவே வடிவமும் முக்கியம். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார். குத்தினால், கீறினால், மீசை வைத்த மீனுக்கு அது வேண்டாம். கோரிடோரஸின் மீசை தேய்ந்து போவதற்குக் கூர்மையான குருணை மட்டுமே காரணம் இல்லை. அழுக்குத் தேங்கிய தரையும் அதே அளவு காரணம். அதனால் உருண்டையான மணல் வாங்கிவிட்டோம் என்று சுத்தம் செய்வதில் மெத்தனமாக இருந்துவிடாதே.

இனி எந்த மணல்? நான் சொல்வது சிலிக்கா மணல், அதாவது ஃபில்டர் சாண்ட். நீச்சல் குளத்து ஃபில்டரிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தண்ணீர் சுத்திகரிப்பு டேங்கிலும் போடுவார்களே, அதேதான். தண்ணீர் ஃபில்டர் சாமான் விற்கும் கடையில் மூட்டையாகக் கிடைக்கும். மீன் கடையில் சின்னச் சின்ன பாக்கெட்டில் வாங்குவதைவிட மலிவு. 16/30 மெஷ் என்று கேள். 16 சல்லடையில் இறங்கி 30-இல் நின்ற மணல் அது, ஏறத்தாழ 0.6 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். பெரும்பாலும் குவார்ட்ஸ் என்பதால் தண்ணீரின் பி.எச்., கடினத்தன்மை எதையும் அது தொடாது. சல்லடையில் பிரித்த மணல் ஆதலால் தூசும் குறைவு. சென்னைக்குப் பக்கத்திலேயே எண்ணூரில் கிடைக்கும் குவார்ட்ஸ் மணலைத்தான் நாடு முழுக்க சிமென்ட் பரிசோதனைக்குத் தர மணலாக வைத்திருக்கிறார்கள், தெரியுமா? அதைத் தொட்டிக்கு வாங்க வேண்டாம், அது ஆய்வுக்கூடத்துச் சமாசாரம். நல்ல குவார்ட்ஸ் மணலுக்கு நாம் எங்கேயோ போய் அலைய வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஆற்று மணல் பார்க்க இயற்கையாக இருக்கும், குருணையும் உருண்டை, மீனுக்கும் பிடிக்கும். ஆனால் ஆற்றில் போய் அள்ளாதே. ஒரு வாளிதானே என்று நினைக்காதே. அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம். அதைவிட, மணல் போன ஆற்றுக்கரையில் கிணறுகள் என்ன ஆயின என்பதைப் பாலாற்றுப் பக்கம் போய்க் கேட்டால் தெரியும். யாராவது வீடு கட்டி மிஞ்சியது இருந்தால் கேட்டு வாங்கிக்கொள், ஆனால் சிமென்ட் கலவை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுக்காதே. சிமென்ட் தூள் கொஞ்சம் கலந்திருந்தாலும் பி.எச். விர்ரென்று ஏறும்.

எம்-சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்த தூள். நஞ்சு ஒன்றும் இல்லை, ஆனால் முனையெல்லாம் கூர், கழுவக் கழுவ மாவு வந்துகொண்டே இருக்கும். பி-சாண்ட் அதைவிட மெல்லியது. கப்பி மட்டும் வளர்க்கிறாய் என்றால் எம்-சாண்டை மன்னிக்கலாம். அயிரைக்கும் கோரிடோரஸுக்கும் கூடாது.

கடற்கரை மணலை எடுக்காதே. உப்பு கழுவினால் போய்விடும், அதில் கலந்திருக்கும் சிப்பித் தூள் போகாது. அது சுண்ணாம்புச் சத்து. மெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் பி.எச்.சையும் உயர்த்தும். மென்மையான, சற்றே அமிலமான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா மாதிரி அமேசான் மீன்களுக்கு இது தொல்லை. கரையில் மணல் அள்ளச் சட்டமும் இடம் கொடுக்காது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணல் அழகாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அதையும் தொடாதே. அதில் இல்மனைட், கார்னெட்டோடு மோனசைட்டும் இருக்கிறது. மோனசைட்டில் இருக்கும் தோரியம் கதிரியக்கமுள்ள தனிமம். கறுப்புத் தரைதான் வேண்டுமென்றால் மீன் கடையில் கறுப்பு பசால்ட் மணல் கேள்.

கடையில் 'கோரல் சாண்ட்' என்று வெள்ளை வெளேரென்று ஒன்று வைத்திருப்பார்கள். பவளத் தூள் அது, கடல் மீன் தொட்டிக்கானது. ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரி சிக்லிட் வளர்ப்பவர்களும் வாங்குவார்கள். அந்த ஏரிகளின் தண்ணீரே காரத்தன்மை உடையது, டாங்கனிக்காவில் பி.எச். 9-ஐ ஒட்டி இருக்கும். அந்த மீன்களுக்கு அது சரி. உன்னுடைய டெட்ராவுக்குச் சரியில்லை.

எதை வாங்கினாலும், மூட்டையாக வாங்கும் முன் கைப்பிடி அளவு கேட்டு வாங்கி வந்து சோதித்துப் பார். ஒரு தட்டில் மணலைப் போட்டு, முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நனைத்துவிடு. காய்ந்த மணலில் வினிகரை ஊற்றினால் இடுக்கில் இருக்கும் காற்று குமிழாக வெளியே வரும், அதைப் பார்த்து நுரைக்கிறது என்று பயந்துவிடுவாய். நனைத்த பிறகு வினிகர் விட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டு போ. சர்ரென்று சத்தமும் பொடிக் குமிழிகளும் தொடர்ந்து வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஒன்றும் இல்லையா, அடுத்த சோதனை. வினிகர் சாதுவான அமிலம், கொஞ்சமாக இருக்கும் சிப்பித் தூள் அதில் தப்பித்துவிடலாம். இரண்டு பாட்டிலில் உன் வீட்டுத் தண்ணீரைப் பிடி. ஒன்றில் மட்டும் ஒரு பங்கு மணலைப் போடு. ஒரு வாரம் கழித்து இரண்டிலும் பி.எச்.சும் கடினத்தன்மையும் பார். வெறும் தண்ணீர் பாட்டில் எதற்கு என்று கேட்பாய். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறினாலே பி.எச். தானாக ஏறும். அந்தப் பழியை மணல் மேல் போடக் கூடாது இல்லையா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மணலின் வேலை.

கலர் மணலுக்கு வேறு சோதனை. வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய். துணியில் சாயம் ஒட்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. எனக்குக் கலர் மணலே பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். நீலத் தரையும் ரோஜா நிறத் தரையும் எந்த ஓடையிலும் கிடையாது. மீன்கள் தரையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தம் நிறத்தை மாற்றிக்கொள்ளும். பளீர் வெள்ளையில் வெளிறும், பயந்து ஒதுங்கும். பழுப்பிலும் கறுப்பிலும் நிறம் எடுத்துக் காட்டும். மீனுக்காகத்தான் தொட்டி என்றால், நான் தேன் நிறத்துக்கோ பழுப்புக்கோதான் ஓட்டுப் போடுவேன்.

எவ்வளவு வாங்குவது? தொட்டியின் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். அதை 1.6-ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோ. உன் இரண்டடித் தொட்டி 60-க்கு 30. மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு 5.4 லிட்டர், ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கழுவுவதில் போவதையும் சேர்த்துப் பத்து கிலோ வாங்கு, போதும்.

அதற்கு மேல் ஆசைப்பட்டுக் கொட்டாதே. மணலை ஆழமாகப் போட்டால் அடியில் ஆக்சிஜன் எட்டாது. அங்கே அழுகல் சேர்ந்து கறுப்புத் திட்டு விழும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். இரண்டரையிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்குள் நிறுத்திக்கொள். வேர் விடும் செடி நடும் மூலையில் மட்டும் ஐந்து, ஆறு வரை போகலாம். செடியின் வேரே கீழே ஆக்சிஜனைக் கொண்டு போகும். மணலில் சத்து ஒன்றும் கிடையாது என்பதால் வாலிஸ்நேரியா, ஸ்வோர்டு பிளான்ட் எல்லாவற்றுக்கும் வேருக்குப் பக்கத்தில் ரூட் டேப் என்கிற உர மாத்திரை புதைக்க வேண்டும். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மணலில் நடாதே. கட்டையில் கட்டிவிடு. தண்டைப் புதைத்தால் அழுகும்.

கழுவுவதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வாளியில் கால் பங்குக்கு மேல் மணல் போடாதே. அரிசி களைவது போலக் கையைவிட்டு அலசி, கலங்கல் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டு. தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப இதே வேலைதான். சோப்பு, டிடர்ஜென்ட் பக்கமே போகாதே. காய்ந்த மணலை வீட்டுக்குள் சலிக்காதே. சிலிக்கா தூசு நுரையீரலுக்குக் கெடுதல், நனைத்த பிறகே கையாளு. கலங்கல் தண்ணீரை பாத்ரூம் குழியில் ஊற்றாதே. மணல் போய் வளைவில் படிந்து அடைத்தால் வீட்டுக்காரரிடம் நீதான் பேச்சு வாங்க வேண்டும். மாடிச் செடிக்கோ மரத்தடிக்கோ ஊற்று.

பெரிய கல் வைப்பதாக இருந்தால் முதலில் கல், பிறகு மணல். மணல் மேல் கல்லை நிறுத்தினால், மீன் அடியில் தோண்டி ஒருநாள் சாய்த்துவிடும், கண்ணாடி தாங்காது. ஈரமாகவே மணலைப் பரப்பு. அதன் மேல் ஒரு தட்டை வைத்து, தண்ணீரைத் தட்டின் மேல் மெதுவாக விடு. ஒன்றிரண்டு நாள் மங்கலாகத்தான் இருக்கும், ஃபில்டரில் பஞ்சு வைத்தால் தெளியும். தண்ணீர் நிரப்பி மணல் அடங்கும் வரை ஃபில்டரைப் போடாதே. உள்ளே போகும் மணல் மோட்டாரின் விசிறியை அரித்துவிடும். உறிஞ்சும் வாய் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது மேலே இருக்கட்டும். பழைய தொட்டியோடு வந்த அண்டர் கிராவல் ஃபில்டர் தட்டை மணலுக்கு அடியில் போடாதே. துளை வழியே மணல் இறங்கி அடைத்துக்கொள்ளும். உனக்கு ஸ்பான்ஜ் ஃபில்டர் போதும்.

மணலில் ஒரு சௌகரியம், கழிவு உள்ளே இறங்காமல் மேலேயே கிடக்கும். சைஃபன் டியூபைக் கல்லில் குத்துவது மாதிரி மணலில் குத்தாதே. ஒரு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு நகர்த்தினால் அழுக்கு மட்டும் வரும். கூடவே வந்த மணலை வாளியில் அலசித் திரும்பப் போட்டுவிடலாம். வாரம் ஒருமுறை செடியில்லாத இடத்தில் ஒரு குச்சியால் மேலாகக் கிளறிவிடு. மலேசியன் டிரம்பெட் நத்தை நாலைந்து விட்டால் அந்த வேலையைத் தினமும் அதுவே செய்யும். ஆனால் சாப்பாட்டை அளவோடு போடு, இல்லையென்றால் நத்தை பெருகிவிடும்.

மாமா வீட்டுத் தொட்டியிலும் கல்லை எடுத்துவிட்டு மணல் போடலாமா என்று கேட்டாய். போடலாம், ஒரே நாளில் அல்ல. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சரிக்கட்டும் பாக்டீரியா அந்தக் கல்லிலும் குடியிருக்கிறது. இந்த வாரம் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு வாரம் விட்டு அடுத்த பங்கு என்று எடுக்கச் சொல். அந்த நாட்களில் ஃபில்டர் ஸ்பான்ஜைக் கழுவவே கூடாது. கல்லை எடுக்கும்போது அடியில் இருக்கும் அழுக்கு கிளம்பும் என்பதால், மீன்களைப் பழைய தண்ணீரோடு ஒரு டப்பில் மாற்றிவிட வேண்டும்.

உன்னுடையது புதுத் தொட்டி. அந்த பாக்டீரியா உருவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மணல் மேல் பழுப்பாக ஒரு படலம் வரும். டயாட்டம் என்கிற பாசி அது, புதுத் தொட்டியில் சகஜம், தானே குறையும். மணல் கெட்டுவிட்டது என்று எடுத்துக் கொட்டிவிடாதே. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகு கோரிடோரஸ் வாங்கப் போகலாம். ஒன்று இரண்டு வாங்காதே. கூட்டமாக வாழும் மீன் அது, குறைந்தது ஆறு வாங்கு. கடைத் தொட்டியில் மீசை முழுசாக இருக்கிற மீனாகப் பார்த்துப் பிடித்துத் தரச் சொல்.