குமண காட்டுக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளே, இந்த வைகாசியில் குமண காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறீர்கள் என்று அறிந்தேன். பல கோடைகள் அங்கே போய்வந்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன்.

1. முதலில் நம் வாவியைப் படியுங்கள். மண்முனைப் பாலத்தடியில் ஒரு கிழமை காலையில் நில்லுங்கள். கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் செம்பருந்தும் பறக்கும் விதம் கண்ணுக்குப் பழகினால், காட்டில் புதிய பறவை தானாக வேறுபட்டுத் தெரியும்.

2. காலத்தை அறிந்து போங்கள். வாடையோடு வந்த வலசைப் பறவைகள் இப்போது வடக்கே திரும்பியிருக்கும். கோடையில் காணப்போவது கூடு கட்டும் பறவைகளை. கும்புக்கன் ஆற்று நீர் வாய்க்கால் வழியே வந்து சேரும் குமண வில்லு என்னும் நீர்நிலையின் கண்டல் மரங்களில், மே, ஜூன் மாதங்களில் நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கொக்கு எல்லாம் அடுத்தடுத்துக் கூடு வைக்கும்.

3. முதல்நாளே பொத்துவிலிலோ பாணமையிலோ தங்குங்கள். வெள்ளாப்பில் உகந்தையிலுள்ள காட்டு வாசலில் நிற்கவேண்டும். வெயில் ஏறிக் கச்சான் வீசத் தொடங்கினால் பறவைகள் நிழலுக்குள் ஒடுங்கிவிடும்.

4. கண்ணுக்கு முன் காதைத் திறவுங்கள். விடியலில் பற்றைக்குள் கூவும் காட்டுக்கோழி நம் தேசியப் பறவை. இந்த இனம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. பேசிக்கொண்டே போனால் அதன் குரலை இழப்பீர்கள்.

5. ஜீப்பை விட்டு இறங்காதீர்கள். யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் காடு அது. தண்ணீர் தெரியும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். துரத்திப் போகிறவருக்குப் பறவையின் முதுகுதான் தெரியும்.

6. இதுதான் முக்கியம்: கூட்டை நெருங்காதீர்கள். இளவயதில் நல்ல படம் வேண்டி கூடுகள் இருந்த ஒரு மரத்தை நெருங்கினேன். தாய்ப்பறவைகள் எழுந்தன, அவை திரும்புமுன் காகங்கள் முட்டைகளைக் கொத்திவிட்டன. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. முட்டைக்கும் குஞ்சுக்கும் காகம் மட்டும் எதிரியல்ல, வெயிலும்தான். உச்சி வெயிலில் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதைப் பார்ப்பீர்கள். அந்தத் தாயை எழுப்பினால் குஞ்சை வெயில் சுடும்.

7. ஊரில் நடக்கும்போது காலடியையும் பாருங்கள். நம் நாட்டார் பாட்டில் வாழும் ஆக்காண்டி, வெறுந்தரையில்தான் முட்டையிடும். முட்டையும் மண்ணின் நிறம். ஊர் வயல்வெளியில் அது தலைக்கு மேல் கத்திச் சுற்றினால், வந்த வழியே திரும்புங்கள்.

8. அன்றன்றே எழுதுங்கள்: நாள், நேரம், இடம், எண்ணிக்கை, பறவை என்ன செய்தது என்பது. பெயர் தெரியாவிட்டால் அலகையும் காலையும் வரைந்து வையுங்கள்.

9. கொண்டுபோன போத்தலையும் பையையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். கதிர்காமப் பாதயாத்திரை போகும் உறவினருக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் நடப்பதும் இதே காட்டு வழிதான்.

குமண 1938இல் பறவைகள் சரணாலயமானது. 2004 ஆழிப்பேரலை அடித்த கரை அது. அதன் பிறகும் பறவைகள் அங்கே கூடு கட்ட வருகின்றன. எத்தனை இனம் கண்டீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். ஒரு தாயையும் கூட்டிலிருந்து எழுப்பாமல் திரும்பி வாருங்கள், அது போதும்.