வீட்டுக்கொரு வழங்கி: ஏட்டுப்பெட்டியும் சிறு கணிப்பொறியும்

முன்னுரை

தமிழர் இல்லங்களில் பரண்மேல் ஓர் ஏட்டுப்பெட்டி இருந்த காலம் உண்டு. நிலப்பத்திரம், மருத்துவக் குறிப்பு, முன்னோர் பாடம் கேட்ட நூல்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருந்தன. இன்று அப்பெட்டியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ஆயினும், கைப்பேசியில் நாம் காணும் படங்களும் கேட்கும் ஒலிகளும் பல வேளைகளில் நம் வீட்டில் இருப்பதில்லை. எங்கோ தொலைவில், யாரோ ஒருவருடைய கணிப்பொறியில் அவை குடியிருக்கின்றன. நம் பொருளை நம் இல்லத்திலேயே காக்கவும், வேண்டியவர்க்கு வழங்கவும் எளிய வழி உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழங்கி: சொல்லும் பொருளும்

'சர்வர்' என்னும் சொல்லுக்குக் கணித்தமிழார் 'வழங்கி' எனப் பெயரிட்டனர். கேட்ட கணிப்பொறிக்குக் கேட்ட கோப்பினை எடுத்துக் கொடுப்பதால் அது வழங்கி ஆயிற்று. வழங்கி என்றவுடன் குளிரூட்டப்பட்ட கூடத்தில் வரிசையாக நிற்கும் பெரும்பொறிகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வழங்கி என்பது தொழிலால் அமைந்த பெயரே அன்றி உருவத்தால் அமைந்த பெயரன்று. உள்ளங்கையில் அடங்கும் பொறியும் வழங்கித் தொழிலைச் செய்ய வல்லது.

2012 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29 ஆம் நாள் இங்கிலாந்தில் 'ராஸ்பெர்ரி பை' என்னும் சிறு கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. மாணவர்கள் குறைந்த செலவில் கணிப்பொறியியல் பயில வேண்டும் என்னும் நோக்கில் ஈபன் அப்டன் முதலானோர் உருவாக்கிய பொறி அது. வங்கி அட்டையின் அளவே உடையது. பள்ளி மாணவர்க்கென எழுந்த அப்பொறியை உலகெங்கும் பலர் வீட்டு வழங்கியாக்கிக் கொண்டனர்.

ஓர் இழப்பு

இப்பொருளில் எனக்கு நாட்டம் பிறந்ததற்கு ஓர் இழப்பே காரணம். என் நன்னிமா பாடிய தாலாட்டுகளையும் சொல்லிய கதைகளையும் 2009 ஆம் ஆண்டு ஒலிப்பதிவு செய்தேன். அவற்றை இணையவழிச் சேமிப்பு நிறுவனம் ஒன்றில் வைத்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று கணிப்பொறியிலிருந்து அழித்தும் விட்டேன். சில ஆண்டுகளில் என் கைப்பேசி எண் மாறிற்று, கடவுச்சொல் மறந்தது, நெடுநாள் திறவாத கணக்கு என்று அந்நிறுவனம் அதனை மூடிவிட்டது. நன்னிமா அதற்கு முன்பே மறைந்திருந்தார். மீண்டும் பாடச் சொல்லிக் கேட்க வழியில்லை.

இது என் ஒருவனின் கதையன்று. தமிழர் பலர் தம் முதல் இணையப் பக்கங்களை அமைத்த ஜியோசிட்டீஸ் 2009 இல் மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய குழுக்களில் இலக்கிய உரையாடல் நிகழ்ந்த யாஹூ குழுமச் சேவை 2020 இல் நின்றது. தம் கணிப்பொறியில் படி வைத்திருந்தோர் பிழைத்தனர், மற்றவர் இழந்தனர்.

பள்ளங்கியில் கண்டது

கொடைக்கானலை அடுத்த மலைச்சிற்றூர் பள்ளங்கி. என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அவ்வூரில் உழவுத்தொழில் செய்து வருகிறார். 2018 நவம்பர் 16 ஆம் நாள் கரைகடந்த கஜா புயல் கொடைக்கானல் மலையையும் தாக்கிற்று. மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் தடைப்பட்டன. "நிலப்பத்திரத்தின் படியைக்கூட எடுத்துப் பார்க்க முடியவில்லை, ஐயா. எல்லாம் இணையத்தில் இருந்தது, இணையம் எங்கள் ஊரில் இல்லை" என்று அவர் பின்னர் என்னிடம் கூறினார். அந்த ஒரு தொடரே இக்கட்டுரையின் வித்து எனலாம்.

அதன்பின் அவர் தம் வீட்டில் ஒரு சிறு வழங்கியை அமைத்தார். நான் சென்றபோது, அடுப்படிச் சுவரை ஒட்டிய மாடத்தில், காற்றோட்டமுள்ள தகரப்பெட்டிக்குள் அது இருந்தது. பனிமூட்டத்தின் ஈரம் பொறிக்குப் பகை. ஆயினும் இடையறாது இயங்கும் பொறி தன் சிறு வெம்மையினாலேயே ஈரம் படியாமல் ஓரளவு தன்னைக் காத்துக்கொள்கிறது. அதனுள் குடும்பப் பத்திரங்களின் படிகள், ஒளிப்படங்கள், ஊர்ப் பெரியோர் சொல்லக்கேட்டுப் பதிந்த வயற்பெயர்கள், ஓடைப்பெயர்கள், பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் முறைகள் ஆகியன இருந்தன. 'கிவிக்ஸ்' என்னும் மென்பொருளின் துணையால் தமிழ் விக்கிப்பீடியாவும் இருந்தது. வீட்டுப் பிள்ளைகள் இணையம் இன்றியே அதனைப் படித்துக்கொண்டிருந்தனர்.

அமைப்பும் மின்கணக்கும்

வீட்டு வழங்கிக்கு வேண்டுவன நான்கு: ஒரு சிறு கணிப்பொறி, லினக்ஸ் இயங்குதளம், கோப்புகளை வைக்க ஒரு வட்டு, வீட்டில் முன்பே இருக்கும் வைஃபை பெட்டி. வைஃபை வேறு, இணையம் வேறு என்பதை மாணவர்கள் தெளிதல் வேண்டும். வெளித்தொடர்பு அற்றபோதும் வைஃபை பெட்டிக்கு மின்சாரம் இருந்தால், வீட்டுக் கைப்பேசிகள் வழங்கியோடு பேசிக்கொண்டே இருக்கும்.

சிறு கணிப்பொறியும் வட்டும் சேர்ந்து 5 வாட் மின்சாரம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். இடைவிடாது ஓடினால் நாளொன்றுக்கு 0.12 யூனிட், மின்கணக்கு எடுக்கும் 60 நாள்களுக்கு 7.2 யூனிட். 100 வாட் கொள்ளும் மேசைக் கணிப்பொறியை அவ்வாறே ஓடவிட்டால் 144 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கும் திட்டம் 2016 இல் வந்ததை எண்ணினால் இவ்வேறுபாட்டின் பயன் விளங்கும்.

மின்தடைக்கும் வழியுண்டு. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் 84 வாட்-மணி ஆற்றல் உண்டு. அதில் பாதியைப் பயன்கொண்டாலும், இடையில் ஏற்படும் இழப்பு நீங்கலாக, வழங்கி ஏறத்தாழ ஏழு மணி நேரம் இயங்கும். வைஃபை பெட்டியையும் அதே மின்கலத்தில் இணைத்தால் நேரம் குறையும். பழைய மடிக்கணினி ஒன்று வீட்டில் இருப்பின் அதனையும் வழங்கியாக்கலாம். மின்சாரம் சற்று மிகும். ஆயின் மின்கலம் அதனுள்ளேயே அமைந்திருக்கும்.

பேச்சொலியைச் சுருக்கப் பதிவாக வைத்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 29 மெகாபைட் போதும். 500 கிகாபைட் வட்டில் பதினேழாயிரம் மணி நேரப் பேச்சு அடங்கும். ஓர் ஊரின் முதியோர் அனைவரும் தம் வாழ்நாள் நினைவுகளைச் சொன்னாலும் இடம் மிஞ்சும்.

காத்தற்குரிய நெறிகள்

முதலாவது, மெமரி கார்டை மட்டும் நம்புதல் ஆகாது. பலமுறை எழுதி அழிக்கும்போது அது தேய்ந்து பழுதாகும். கோப்புகளை எஸ்.எஸ்.டி. வட்டில் வைத்தல் நலம்.

இரண்டாவது, மூன்று படிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். தீயும் திருட்டும் வீட்டு வழங்கிக்கும் உண்டு. இணைய நிறுவனத்தில் மட்டும் வைப்பது எத்துணை இடருடையதோ, வீட்டில் மட்டும் வைப்பதும் அத்துணை இடருடையதே.

மூன்றாவது, வழங்கியை வெளியுலகிற்குத் திறந்துவிடுதல் கூடாது. வீட்டு வலைக்குள் பயன்படுத்திப் பழகுவதே தொடக்கத்தில் போதும். கடவுச்சொல் வலியதாக இருத்தலும், மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தலும் இன்றியமையாதன.

நான்காவது, தமிழ்க் கோப்புகளை ஒருங்குறியில் எழுதுதல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகள், வட்டு பழுதாகாத நிலையிலும், புரியாத குறிகளாய்த் திரிந்து நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

ஐந்தாவது, வழங்கியை இயக்கும் முறையைத் தாளில் எழுதி, பத்திரங்களோடு வைத்தல் வேண்டும். அமைத்தவர் மறைந்தபின் அடுத்தவர் திறக்க இயலாத பெட்டி, பூட்டிய கல்லறைக்கு ஒப்பாகும்.

பலவிடத்துப் படிகள்

பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்த வரலாறும் இதனையே உணர்த்துகிறது. ஓலை அழியும், அழியுமுன் படியெடுத்தனர். உ.வே.சாமிநாதையர் 1887 இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அதன் ஏடுகள் ஒரே இடத்தில் இராமல் பல வீடுகளிலும் மடங்களிலும் சிதறிக் கிடந்தமையே. மாறாக, 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு படியில்லாத ஏடுகள் மீளவே இல்லை. அவ்வடு ஆறாத ஈழத்தமிழர் 2005 இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர்.

அதற்கு முன்பே, 1998 பொங்கல் நாளில், முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தனர். உமறுப்புலவரின் சீறாப்புராணம் உள்ளிட்ட நூல்கள் அதில் உள்ளன. முகப்புக் குறிப்பை நீக்காமல் அக்கோப்புகளை யாரும் படியெடுத்துப் பரப்பலாம் என்பது அத்திட்டத்தின் நெறி. ஆதலின் ஒவ்வொரு வீட்டு வழங்கியும் ஒரு சிறு தமிழ் நூலகம் ஆகலாம்.

ஊரே கூடிச் செய்தற்கும் சான்றுண்டு. கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்துத் தேவராயனதுர்க்கக் குன்றுப்பகுதியில் ஜனஸ்து என்னும் அமைப்பு, சிறு கணிப்பொறிகளைக் கொண்டு ஊர்மக்களின் பேச்சொலிகளை உள்ளூர்க் கம்பியில்லா வலையில் கேட்கச் செய்யும் முயற்சியில் ஈடுபட்டது. நம் கொடைக்கானலிலேயே 1899 இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம், நூறாண்டுக் காலக் கதிரவன் படங்களைக் கண்ணாடித் தகடுகளில் காத்துவந்தது. இன்று அவை கணிப்பொறிப் படங்களாகி உலக அறிஞர்க்குப் பயன்படுகின்றன. தகட்டைக் காத்தவர் இருந்தமையால்தான் பின்னவர் படியெடுக்க முடிந்தது.

முடிவுரை

கீழக்கரை வள்ளல் சீதக்காதியை, இறந்த பின்னும் கொடுத்தவர் என்று தமிழுலகம் போற்றும். வழங்கி என்னும் சொல்லுக்கு அதனினும் சிறந்த விளக்கம் வேறில்லை. நாம் மறைந்த பின்னும் நம் வீட்டுச் செல்வம் வழங்கப்பட வேண்டுமாயின், அதனைக் காப்பதும் படியெடுப்பதும் நம் கடன்.

என் நன்னிமாவின் குரல் முற்றிலும் போய்விடவில்லை. ஒரே ஒரு தாலாட்டு, 11 நிமிடப் பதிவு, என் மாமா மகளின் பழைய கைப்பேசியில் சென்ற ஆண்டு கிடைத்தது. இப்பொழுது அது என் வீட்டு வழங்கியிலும் அவர் வீட்டு வட்டிலும் இருக்கிறது. மூன்றாவது படி பள்ளங்கியில், அந்த அடுப்படி மாடத்துப் பெட்டியில் இருக்கிறது. மாணவர்கள் இவ்விடுமுறையில் தம் வீட்டு முதியவர் ஒருவரின் குரலையேனும் பதிந்து, மூன்று இடங்களில் வைப்பார்களாயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.